மயில் கொத்தின கண்

அக்காவுக்குக் கண் எப்படிப் போனது என்பதற்கு எனக்குத் தெரிந்தே ஆறேழு கதைகள் இருக்கின்றன. எல்லாம் அக்கா சொன்னவைதான். ஒன்றைக்கூட என்னிடம் சொன்னதில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊராரிடம் சொன்னவை.

நான் முதலில் கேட்டது மின்னல் கதை. ஹைதராபாத் பேகம்பேட்டில் ஆட்டோ சிக்னலுக்காக நின்றிருந்தது. டிரைவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார், அவள் மடியில் மடக்கி வைத்திருந்த வெள்ளைக்கோலைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கிவிட்டு, "பிறவியிலேயே இப்படியா மேடம், நடுவுல வந்ததா?" என்று ஹிந்தியில் கேட்டார். அக்கா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு வந்தால் கதை வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாளாம். மழை இல்லை, மேகம்கூட இல்லையாம். சுளீர் என்று ஒரு மின்னல். "கையில இருந்த பொடவ ஒரு நூல்கூட கருகல பாய். கண்ணு மட்டும் போச்சு." அதற்கப்புறம் அந்த மனிதர் செகந்திராபாத் வரைக்கும் வண்டியை சாமி ஊர்வலம் மாதிரி ஓட்டினார். எங்களுக்குப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

லோக்கல் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிக்கு வேறு கதை கிடைத்தது. கிரகணத்தன்று சூரியனைக் கண் கொட்டாமல் பார்த்தால் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு பையன் சொன்னானாம். இவளும் பார்த்தாளாம். அவன் கட்டிக்கொண்டது வேறொருத்தியை. அந்த அம்மாள் டிபன் டப்பாவைத் திறந்து அக்காவுக்குப் புளிச்சோற்றை ஊட்டாத குறையாகக் கொடுத்தார். துணைக்கு வந்த எனக்கும் கொஞ்சம் கிடைத்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை அக்காவைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'தடைகளைத் தாண்டி' என்று பின்னால் பெரிய பேனர். கேள்வி நேரத்தில் என் டீம் லீடர் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். அன்றைக்கு வந்தது மயில். ஜூபிலி ஹில்ஸ் பக்கம் ஒரு பார்க்கில் நடந்துகொண்டிருந்தபோது மயில் பறந்து வந்து கொத்திவிட்டதாம். "ரெண்டு கண்ணையுமா?" என்று அவர் பதறினார். "ஜோடி மயில் சார்" என்றாள் அக்கா. அந்த மனிதர் இன்றுவரை பார்க்குக்குப் போவதில்லை என்று கேள்வி.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் நான் கேட்டேன். "என்னக்கா இது, படிச்ச மனுசன்ட்ட போயி மயிலுங்கீங்க?"

"கேக்கறவங்களுக்கு இன்னா வேணும்னு பாக்கணும் கோவில்பட்டி. சில பேருக்கு அழுவணும். சில பேருக்கு ஆச்சரியப்படணும். உங்க ஆளுக்கு வூட்டுல போயி சொல்றதுக்கு ஏதாவது வேணும். குடுத்துட்டேன்."

என் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கோவில்பட்டி என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். என் பெயர் அவளுக்கு நினைவிருந்ததா என்றே எனக்குச் சந்தேகம். அவள் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. இணையத்தில் தேடினால் படம் வரும். கறுப்புக் கண்கட்டு கட்டிக்கொண்டு ஒருத்தி ஓடுவாள், அவள் கையோடு சேர்ந்த சின்னக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இன்னொருவர் ஓடுவார். அந்த இன்னொருவர் இடத்தில் சில வருடங்கள் நான் இருந்தேன்.

கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடியவள் நான். வேலை கிடைத்து ஹைதராபாத் வந்த பிறகும் விடமுடியாமல் காலையில் செகந்திராபாத் மைதானத்துக்கு ஓடப் போவேன். அங்கே ஒரு தெலுங்குக்காரப் பயிற்சியாளர் இருந்தார். வாட்டசாட்டமான ஆள், எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். ஒருநாள் என்னை நிறுத்தித் தெலுங்கில், "தமிழா? அப்ப இங்க ஒரு தமிழ்ப் பொண்ணு இருக்கா. அவளோட ஓடுறியா? ஓடுறது சுலபம். காதுதான் வலிக்கும்" என்றார்.

அப்படித்தான் அறிமுகம். அக்கா என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். குட்டையான, இறுகின உடம்பு. பாட்டன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து பட்டாளத்தோடு வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். அவள் தமிழில் தெலுங்கும் உருதுவும் பாதிக்குப் பாதி கலந்திருக்கும். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. முதல் நாள் என் கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை தடவிப் பார்த்துவிட்டு, "ஒசரம் சரியாத்தான் இருக்க. மூச்சு எப்பிடின்னு ஓடும்போது பாக்கலாம்" என்றாள். அப்புறம் கயிற்றின் ஒரு முனையை என் விரல்களில் மாட்டிவிட்டு ஒரு சட்டம் போட்டாள்.

"கேட்டுக்கோ. நான் வெளிய யாருகிட்ட வேணா எது வேணா சொல்வேன். நீ டிராக்குல எங்கிட்ட ஒரு பொய் சொல்லக் கூடாது. முன்னால போறவ தூரமா இருந்தா தூரம்னு சொல்லு. கிட்டதான், விடாத, அப்டி இப்டின்னு தைரியம் குடுக்கற வேலை நக்கோ. நீ சொல்ற கணக்க வெச்சுத்தான் எங்கிட்ட மிச்சம் இருக்கிற தெம்ப செலவு பண்ணணும். தப்பா சொன்னியோ, நடு ரோட்டுல பெட்ரோல் தீந்துடும்."

கூட ஓடுகிறவர்களுக்கு விதிகள் கடுமை. கயிற்றை விடக் கூடாது, இழுக்கவும் கூடாது. கோட்டை முதலில் அவள்தான் தாண்ட வேண்டும், நான் அரை அடியாவது பின்னால் இருக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். பழகிக்கொள்ள முடியாதது அவள் பேச்சு. உடம்பைச் சூடாக்க மெதுவாக ஓடும் சுற்றுகளில் வாய் ஓயாது. பக்கத்தில் யார் ஓடுகிறார்கள், என்ன நிறச் சட்டை, அந்த இரண்டு பேர் நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தார்களே, இன்றைக்கு ஏன் தள்ளித் தள்ளி ஓடுகிறார்கள். "நீங்க எப்படிக்கா தள்ளி ஓடுறாங்கன்னு கண்டுபிடிச்சீங்க?" "ஷூ சத்தம் ரெண்டா கேக்குது. முந்தா நாளு ஒண்ணா கேட்டுது." ஓட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அப்போது அவளுக்கு நான்தான் வாய். வளைவு, நேர், வெளியே ஒருத்தி வருகிறாள், உள்ளே இடம் இருக்கிறது, போ.

அவள் வீட்டுக்கு நான் அடிக்கடி போவேன். நல்ல சாப்பாடு கிடைக்கும். அப்பா சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் பட்டறையில் வேலை பார்த்து இறந்துபோனவர். தங்கை கல்யாணமாகி உப்பலில் இருந்தாள். வீட்டில் அம்மாவும் அக்காவும்தான். அம்மா மெலிந்த, சத்தமில்லாத மனுஷி. அன்றைக்கு வெளியே நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அடுப்பைப் பார்த்தபடியே, "இந்தத் தடவ இன்னா? மின்னலா, கிரகணமா?" என்பார். மயில் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். அம்மா எங்களோடு வரும் நாட்களில் அக்கா கதையைத் தொடங்கக் கேள்விகூட வேண்டியதில்லை. பேருந்தில் யாராவது 'த்சொ' கொட்டினால் போதும். பெருமூச்சுக்கூட விடாமல் ஆரம்பித்துவிடுவாள். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருப்பார். கதை முடிந்ததும் ஜிப்பை மூடுவார். எதையும் எடுத்திருக்க மாட்டார்.

வினை வந்தது மத்தாப்புக் கதையால். கதைகளிலேயே நம்பும்படியானது அது ஒன்றுதான் என்பதுதான் சிக்கல். ஒரு தெலுங்குப் பத்திரிகை நிருபர் மைதானத்துக்கு வந்தார். நல்ல பையன், ரொம்ப மரியாதை. அக்காவுக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பத்து வயதில், தீபாவளியன்று, மத்தாப்பு வெடித்து, ஒரே ராத்திரியில் இரண்டு கண்ணும் போய்விட்டதாகச் சொன்னாள். முழுப்பக்கம் வந்தது. படம் நன்றாக இருந்தது. நானும்கூட ஓரத்தில் இருந்தேன், பாதி முகம்.

பத்து நாள் கழித்துப் பயிற்சியாளர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. விஷயம் இதுதான். பார்வையற்றோர் ஓட்டத்தில் பிரிவுகள் உண்டு. கொஞ்சம் தெரிகிறவர்களுக்கு ஒன்று, மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு ஒன்று, ஒன்றுமே தெரியாதவர்களுக்கு ஒன்று. அக்கா பள்ளியில் படிக்கும்போது முதல் பிரிவில் கயிறு இல்லாமல் தனியாக ஓடியவள். அப்புறம் இரண்டாவது. கடைசியாகத்தான் கண்கட்டும் கயிறும் வைத்து மூன்றாவது. பத்து வயதிலேயே முழுக்கப் போய்விட்டது என்றால் பதினாறு வயதில் எப்படித் தனியாக ஓடினாள்? அன்றைக்கு ஏமாற்றினாளா, இன்றைக்கு ஏமாற்றுகிறாளா? போட்டிக்கு வரும் இன்னொரு பெண்ணின் தரப்பிலிருந்து யாரோ பத்திரிகையை வெட்டிப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அனுப்பி, எழுதிக் கேட்டுவிட்டார்கள்.

"பார்வையைப் பத்திப் பொய் சொன்னதா முடிவு பண்ணினா வருஷக்கணக்கா ஓட விடமாட்டாங்கம்மா" என்றார் அவர். "அடுத்த மாசம் இங்க நடக்கிற போட்டியில்தான் பாராலிம்பிக்குக்கு ஆள் எடுக்கறாங்க. புரியுதா?"

  மைதானத்திலிருந்து பஸ் நிறுத்தம்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அக்கா, பஸ் வந்ததும், "நிருபர் பாவம், அவனுக்குத் திட்டு விழுமா?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை போட்டிக்கு முதல் நாள் நடந்தது. மைதானத்துக் கீழ்த்தளத்தில் ஒரு அறை. தைல வாசனை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண்மணி கண் டாக்டர், நரைத்த தலை, கறாரான முகம். துணைக்கு ஒருவர் வரலாம் என்றிருந்தார்கள். அக்கா அம்மாவைச் சொன்னாள். கூட ஓடுகிறவள் என்பதால் என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார விட்டார்கள்.

கண்ணைச் சோதித்தார்கள். விளக்கை அடித்தார்கள், அணைத்தார்கள், பக்கவாட்டில் கொண்டுபோனார்கள். பழைய சோதனைகளின் தாள்கள் எல்லாம் டாக்டரிடமே இருந்தன. எல்லாம் ஒத்துப்போனதாகத்தான் பட்டது. பிறகு பேச்சு ஆரம்பித்தது. பேசியதெல்லாம் தெலுங்கில்.

"தீபாவளி, மத்தாப்பு. இது உண்மையா?"

"இல்ல மேடம்."

"பின்ன யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"அவர் கேட்டார் மேடம்."

பக்கத்தில் இருந்த அதிகாரி இருமினார். டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, எனக்கு உண்மையில எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்லு."

அக்கா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். உண்மையை எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுக்கு அதில் பழக்கம் இல்லை.

"வெயில் காலத்துல மாடியில படுப்போம் மேடம். நான், தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பசங்க. எல்லாரும் மேல பாத்து நட்சத்திரம் எண்ணுவாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. வெறும் இருட்டு. அதோ பாரு, தெரியுதாம்பாங்க. தெரியுதும்பேன். நானும் எண்ணுவேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். நட்சத்திரம்ங்கறது மனுசங்க சும்மா சொல்லிக்கறதுன்னு நெனச்சேன்."

அறையில் யாரும் எழுதவில்லை.

"அப்புறம் சாயங்காலம் ஆனா வாசப்படி தெரியாது. தெரியுதும்பேன். பஸ் நம்பர் தெரியாது. தெரியுதும்பேன். வட்டம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டே வந்தது மேடம். ஓடற இடத்துல மட்டும் வெள்ளைக் கோடு தடிமனாப் போட்டிருப்பாங்க. அது ரொம்ப நாளைக்குத் தெரிஞ்சது. அங்க மட்டும் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கல. அதனாலதான் ஓட வந்தேன். அப்புறம் அதுவும் போச்சு. எந்த நாள்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஒண்ணும் நடக்கல மேடம். அதான் நடந்தது."

டாக்டர் தலையை அசைத்தார். "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா? அப்பா அம்மா சொந்தமா?"

அப்போது அந்தப் பெருமூச்சைக் கேட்டேன். நீளமாக, மூக்கு வழியாக.  "எங்க தாத்தாவுக்குத் தாத்தா மேடம், நிஜாம் காலத்துல ஒரு பக்கீரோட சண்ட போட்டு..." என்று அக்கா தொடங்கியேவிட்டாள்.

அம்மா அவள் முழங்காலில் கையை வைத்தார். கைப்பை அவர் மடியில் மூடியே இருந்தது.

"நான் என் தாய்மாமனைக் கட்டினேம்மா" என்றார் டாக்டரிடம். "எங்கம்மா கூடப்பொறந்த தம்பி. என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். நல்ல மனுஷன். இவளுக்கு இப்படி ஆனதும் பெரிய ஆஸ்பத்திரியில, சொந்தத்துல கட்டினதால இருக்கலாம்னு சொன்னாங்க. இருக்கலாம்னுதான் சொன்னாங்க. கேட்ட ஜனங்க யாருக்கும் அந்த 'லாம்' காதுல விழல."

"அம்மா, நக்கோ" என்றாள் அக்கா.

"இரு. அப்பல்லாம் இவ உண்மையைத்தான் சொல்லிட்டிருந்தா. யாரு கேட்டாலும், பரம்பரை வியாதின்னு. உடனே எல்லாரும் என்னைத் திரும்பிப் பாப்பாங்க. நல்லவங்ககூடத்தான். அவங்க பாக்கறது இவளுக்குத் தெரியாதுன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"தல திரும்பினா குரலும் திரும்பும்மா" என்றாள் அக்கா. "எனக்கு அதுகூடத் தெரியாதா?"

அம்மா அவளைப் பார்த்தார். வருஷக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தும் இதை இரண்டு பேரும் அதுவரை பேசிக்கொண்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மின்னலையும் கிரகணத்தையும் மயிலையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எந்தக் கதையிலும் அம்மா கிடையாது. ஒரு ஓரத்தில்கூடக் கிடையாது.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். பயிற்சியாளர் சுவரோடு சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் டாக்டரே வந்து சொன்னார். பிரிவில் மாற்றம் இல்லை, நாளைக்கு ஓடலாம். ஆனால் எழுத்து மூலமாக ஒரு எச்சரிக்கை உண்டு. இனிமேல் முன்கூட்டிக் கேட்காமல் பேட்டி கொடுக்கக் கூடாது. சொல்லிவிட்டுப் போகும்போது அந்தக் கறார் முகக்காரர் அம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"வாய்க்கும் கட்டு போட்டுட்டாங்க" என்றாள் அக்கா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அந்த மயிலு கதைதான் புடிக்கும். மனுசங்க யாரு மேலயும் பழி இல்ல" என்றார்.

"மயிலு பாவம் இல்லியா?" என்றாள் அக்கா. பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் மூன்று பேரும் ஏன் அப்படிச் சிரிக்கிறோம் என்று புரியாமல் நின்றார்.

மறுநாள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். நல்ல வெயில். அக்கா காலையிலிருந்து எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். புகார் அனுப்பிய தரப்புப் பெண்ணும் ஓடினாள். ராஜஸ்தான் பக்கம், உயரமானவள், பாவம் அவளுக்கு அந்த விஷயமே தெரியாது என்று பின்னால் கேள்விப்பட்டேன். துப்பாக்கி வெடித்ததும் அவளும் அவள் துணை ஓட்டக்காரரும் முன்னால் பாய்ந்தார்கள்.

"தூரம்?" என்றாள் அக்கா, இரண்டாவது சுற்றில்.

"தூரம்தாங்க்கா. இருபது மீட்டர்."

"சரி."

மூன்றாவது சுற்றில் பத்தானது. கடைசி வளைவுக்கு முன்னால் ஐந்து. எனக்கு விலாவில் குத்த ஆரம்பித்தது. அக்காவின் கை என் கையோடு முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. அதில் அவசரம் தெரியவில்லை. அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

"போலாமா?" என்றாள்.

நான் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை.

அவள் போகவில்லை. கயிறு நீளும் மட்டும் போனாள், அதற்குமேல் போனால் நான் கயிற்றை விட்டிருப்பேன், இரண்டு பேரும் வெளியே. இரண்டாவதாக வந்தோம். நேரம் நன்றாக இருந்ததால் அணியில் பெயர் வந்துவிட்டது. பயிற்சியாளர் என்னைத் தூக்கிச் சுற்றினார். அக்கா குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். 

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டில், சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்.

"கோவில்பட்டி, நீ என்னைவிட மெதுவாயிட்ட."

எனக்குத் தெரியும். தெரிந்தாலும் யாராவது சொல்லும்போது வேறு மாதிரிதான் இருக்கிறது. வேலை அதிகம், தூக்கமில்லை, ஒரு மாதம் கொடுத்தால் சரியாக்கிவிடுவேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"நக்கோ. ஒரு மாசத்துல நான் இன்னும் வேகமாயிருவேன். கோச் உப்பல்ல ஒரு பையனப் பாத்து வெச்சிருக்கார். ரயில்வேக்கு ஓடறவன். நாளையிலேர்ந்து வரான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க முடியாது அவளிடம், கண்ணுக்குத்தான் மறைக்கலாம். "ஊருக்கெல்லாம் ஒரு கதை சொல்றீங்கள்லா, எனக்கு ஒண்ணு சொல்லக் கூடாதாக்கா? கோச் மாத்தச் சொல்லிட்டாரு, ரூல் மாறிப்போச்சுன்னு ஏதாவது?"

"உனக்கா?" அவள் கையை நீட்டித் தேடி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ கயித்துக்கு அந்தப் பக்கம் இருந்தவடி. உங்கிட்ட எப்பிடி சொல்றது?"

அம்மா எனக்கு மட்டும் இன்னொரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து வைத்தார்.

அந்த உப்பல் பையன் நல்ல ஓட்டக்காரன். நெட்டைக் கால்கள். வாயைத் திறந்து பேசமாட்டான். "கைக்கு கோவில்பட்டி என்னை இந்த ஊமையோட கட்டிவெச்ச?" என்று போனில் புலம்புவாள், ஏதோ நான்தான் ஏற்பாடு செய்தது போல. ஒரு கல்யாண வீட்டில் யாரோ கண்ணைப் பற்றிக் கேட்டபோது கிரகணம் கதையைச் சொன்னாளாம். அந்தப் பையன் அதை நம்பி, அவளை ஏமாற்றியவன் யார் என்று கேட்டு இரண்டு நாள் கோபமாகவே இருந்தானாம். "இவன நான் எப்பிடி திருத்தறது?"

பாராலிம்பிக் ஓட்டம் நம்மூர் நேரத்துக்கு மதியம் வந்தது. நான் விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கடல் தாண்டி ஒரு பெரிய மைதானம், கண் கூசும் வெயில், நீலமான பாதை. அம்மா டிவிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவளைக் காட்டியதும், "இளைச்சிட்டா" என்றார். 

தகுதிச் சுற்றில் நான்கு ஜோடிகள் ஓடின. அக்கா நன்றாகத்தான் ஓடினாள். நான் கூட ஓடிய எந்த நாளிலும் ஓடியிராத வேகம். என் இடத்தில் ஓடிய பையன் உதட்டை அசைப்பது தெரிந்தது. தூரத்தைச் சரியாகச் சொல்கிறானா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று பேரும் அவளைவிட வேகம். பார்க்கும் எல்லோருக்கும் தெரிகிற அளவுக்கு வேகம். நான்காவதாக வந்தாள். இறுதிப்போட்டி கிடையாது. கோட்டைத் தாண்டியதும் கண்கட்டைக் கழற்றிக்கொண்டு பையனின் தோளைத் தேடிப் பிடித்தாள். கேமரா வேறு பக்கம் போய்விட்டது.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன்.

"நாலாவது வந்தேம்மா" என்றாள் அக்கா.

"பாத்தேன்."

"நாலு பேருதான் ஓடினோம்."

"அதுவும் பாத்தேன். சாப்டியா?"

"இல்ல. மூணு பேரும் எங்கியோ போய்ட்டாங்கம்மா. இவன் தூரம் தூரம்னு சொல்லிட்டே வந்தான். நெஜத்தத்தான் சொன்னான். நல்ல பையன்தான்." குரல் லேசாக உடைந்தது. "என்னால முடிஞ்சத பூரா ஓடிட்டேன். மிச்சம் வெக்கல."

அதே சமயத்தில் வாசல் கதவைத் தட்டும் சத்தம். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள், பின்னால் மாடி வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர். காலையிலிருந்தே விசாரித்துக்கொண்டிருந்தவர்கள். யார் வீட்டிலும் அந்தச் சானல் வரவில்லை போலிருக்கிறது. "என்ன ஆச்சு வதினா? ஜெயிச்சாளா?" என்று எதிர்வீட்டம்மாள் கதவு திறப்பதற்குள் கேட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். ஒரு நிமிஷம் அவர்களைப் பார்த்தார். பிறகு மூக்கு வழியாக நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க" என்றார். "மழை. அங்க ஒரே மழை. ஓடற இடம் பூரா தண்ணி. இவதான் முதல்ல போய்க்கிட்டிருந்தா. கடைசி வளைவுல முன்னால ஒரு குடை பறந்து வந்து விழுந்தது..."

"குடையா?" என்றார் மாடி வீட்டுக்காரர்.

"கறுப்புக் குடை. நம்மூர் மாதிரி இல்ல, பெருசு. அந்தப் பையன் பாவம், குடையைப் பாப்பானா, இவளைப் பாப்பானா? அப்படியும் விழுந்தவ எழுந்து ஓடினா. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. அந்த ஊர் மந்திரிகூட."

வந்தவர்கள் ஐயோ, ஐயோ என்றார்கள். எதிர்வீட்டம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா குடையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார். நான் அசையாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போன் திறந்தே இருந்தது.  அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் அடக்கி அடக்கிச் சிரிப்பது கேட்டது.

"கோவில்பட்டி" என்றாள் அக்கா மெல்ல, "அம்மாகிட்ட போயி சொல்லு. மழைய கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லு. ராத்திரி நியூஸ்ல வெயில் காட்டுவான்."